அணைத்த பின்னும் மினுங்கும் விளக்கு

கொல்கத்தா, மும்பை போன்ற நகரங்களின் பழைய மாடிக் குடியிருப்புகளில் மின் பணியாளர் கேட்கும் முறையீடுகளுள் ஒன்று விந்தையானது. சுவிட்சை அணைத்த பின்னரும் விளக்கு முற்றும் அணைவதில்லை. இருளில் நோக்கினால் மங்கலாக ஒளிர்கின்றது. அல்லது சில விநாடிகளுக்கு ஒரு முறை மின்னி மறைகின்றது. வீட்டார் பல்பு பழுதென்று எண்ணி வேறொன்றை மாட்டுகின்றனர். அதுவும் அவ்வாறே மினுங்குகின்றது. பழுது பெரும்பாலும் பல்பில் இல்லை. அதற்குச் செல்லும் வயரிங்கில் உள்ளது. பல ஆண்டுகளாகவே அங்கு இருந்து வந்திருக்கவும் கூடும்.

அங்ஙனமாயின் அது முன்பே ஏன் புலப்படவில்லை? 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் ஏறக்குறையக் கால் ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்பது. சில மைக்ரோ ஆம்பியர் கசிந்து வந்தால் அதன் இழை சிறிதும் சூடேறாது. எல்.இ.டி. பல்பு அத்தகையதன்று. அதனுள் இருக்கும் மின்தேக்கி, கசிந்து வரும் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கின்றது. போதிய அளவு சேர்ந்ததும் விளக்கு ஒரு கணம் ஒளிர்கின்றது. 2015 சனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக மட்டும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. குண்டு பல்பு மறைத்து வைத்திருந்த குறையை இப்புதிய பல்பு காட்டிக் கொடுக்கின்றது.

கசிவுக்குரிய காரணங்களுள் ஒன்று தீங்கற்றது. சுவிட்சுக்குச் செல்லும் கம்பியும் அதிலிருந்து விளக்குக்கு வரும் கம்பியும் நெடுந்தூரம் அருகருகே செல்லுமாயின், அவ்விரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கிபோல் இயங்கும். சுவிட்சிலேயே சிறு அடையாள விளக்கு இருப்பினும் அதன் வழியாகச் சிறிது மின்சாரம் செல்லும். மற்றொரு காரணமோ அபாயகரமானது. சுவிட்சு, மின்னழுத்தமுள்ள பேஸ் கம்பியில் அமையாமல் நியூட்ரல் கம்பியில் அமைந்துவிட்டது என்பதே அது. அப்பொழுது சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். சுவிட்சை நம்பி ஏணியில் ஏறி ஹோல்டரைத் தொடுபவர் மின்னதிர்ச்சிக்கு ஆளாவார். அதிர்ச்சி சிறிதாயினும் உயரத்திலிருந்து விழுவதே உயிருக்கு உலை வைத்துவிடும்.

பழைய வீடுகளில் இப்பிழை நேர்வது வியப்பன்று. அவற்றில் தேக்கு மரக் கேசிங்கினுள் அல்லது பாட்டன் பட்டையின்மேல் ரப்பர் உறையிட்ட கம்பிகள் ஓடுகின்றன. அந்த ரப்பரில் கந்தகம் கலந்திருந்ததால் செம்பு கெடாதிருக்க அதன்மேல் வெள்ளீயம் பூசினர். வெண்ணிறமாகத் தோன்றும் கம்பியைக் கண்டு அலுமினியம் என மயங்குவோரும் உண்டு. காலப்போக்கில், குறிப்பாக பல்பின் சூடு தாக்கும் சீலிங் ரோஸின் அருகில், ரப்பர் காய்ந்து வெடித்துத் தூளாக உதிர்கின்றது. சிவப்பு, கறுப்பு நிறங்கள் மங்கிவிடுகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒரு துண்டைச் சேர்த்திருப்பார். ஆகவே பழைய வயரிங்கில் நிறத்தை நம்புதல் தகாது.

பேஸுக்கு ஒன்றும் நியூட்ரலுக்கு ஒன்றுமாக இரண்டு பியூஸ்கள் பொருத்திய பலகைகளும் இன்னும் காணப்படுகின்றன. நியூட்ரல் பியூஸ் மட்டும் எரிந்துபோனால் வீடு முழுவதும் இருளும். மின்சாரம் நின்றுவிட்டதென எல்லோரும் கருதுவர். ஆனால் எல்லா ஹோல்டர்களிலும் பேஸ் நிற்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32ஆவது விதி, நியூட்ரலைத் தனியே துண்டிக்கும் பியூஸையோ சுவிட்சையோ தடை செய்தது இதனாலேயே ஆகும்.

சோதனைக்கு டெஸ்டர் மட்டும் போதாது. அதன் நியான் விளக்கு, அருகிலுள்ள கம்பியினால் தூண்டப்பட்ட அழுத்தத்திற்கும் ஒளிரும். சோதனை பல்பு ஒன்றின் ஒரு முனையைப் பலகையிலுள்ள நியூட்ரலில் இணைத்து, மறுமுனையால் ஹோல்டரின் இரு ஊசிகளையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். விளக்கின் பல்பைக் கழற்றிச் சுவிட்சை அணைத்த நிலையில், எந்த ஊசியிலும் சோதனை பல்பு எரியலாகாது. ஓர் ஊசியில் முழு ஒளியுடன் எரிந்தால் சுவிட்சு நியூட்ரலில் உள்ளது. இனி, ஒரு விளக்கில் மட்டும் இவ்வாறா, எல்லாவற்றிலுமா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டுமாயின் அந்தச் சுவிட்சின் இணைப்பில் பிழை. எல்லாவற்றிலுமாயின் பலகைக்கு வரும் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன. இதனை அறியாமல் ஒவ்வொரு சுவிட்சாகத் திறந்து மாற்றுவோர், நொறுங்கும் ரப்பரைத் தொட்டுத் தொட்டுப் புதிய பழுதுகளையே உண்டாக்குவர். மெயினை நிறுத்திச் சரிபார்த்த பின்னரே எதனையும் திறத்தல் வேண்டும்; இவ்வேலை உரிமம் பெற்ற மின் பணியாளருக்கே உரியது.

திருத்திய பின் 500 வோல்ட் மெக்கரால் காப்புத் தடையை அளத்தல் நன்று. எல்.இ.டி. பல்புகளை முதலில் கழற்றிவிட வேண்டும். அவற்றின் மின்னணுப் பாகங்கள் அளவைப் பொய்யாக்கும், தாமும் கெடும். 50ஐ மின் முனைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மெகாஓம், ஆயின் 1 மெகாஓமுக்கு மேல் வேண்டியதில்லை என்பது பணியாளர் நெடுங்காலமாகக் கொண்ட அளவு. ஈரச்சுவரில் ஓடும் பழைய ரப்பர் கம்பி அதற்கும் மிகக் குறைவாகக் காட்டுமாயின், இணைப்பை மாற்றுவதில் பயனில்லை. அக்கம்பியையே நீக்குதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வீட்டு மின்சாரமின்றியே வகுப்பில் காட்டலாம். இரண்டு டார்ச் செல்கள், ஒரு சிறு பல்பு, ஒரு சுவிட்சு ஆகியவற்றை ஒரு மரப்பலகையில் இணைத்து, எதிர்முனையை நிலம் என வைத்துக்கொள்க. சுவிட்சை நேர்முனைப் பக்கம் வைத்தாலும் எதிர்முனைப் பக்கம் வைத்தாலும், அணைத்தால் பல்பு அணைகின்றது. மாணவர்க்கு வேறுபாடு தெரியாது. இப்பொழுது இரண்டாவது சிறு பல்பை எடுத்து, ஒரு கம்பியை நிலமாகிய எதிர்முனையிலும் மற்றதை ஹோல்டரிலும் தொடுக. சுவிட்சு நேர்முனைப் பக்கம் இருந்தால் ஒளி இல்லை. எதிர்முனைப் பக்கம் இருந்தால் ஹோல்டரின் ஒரு முனையில் நன்கு எரிகின்றது. மறுமுனையில் இரு பல்புகளும் தொடராக அமைந்து மங்கலாக எரிகின்றன. அந்த இரண்டாவது பல்பு நிற்கும் இடத்திலேதான், ஏணியின் மேல், மனிதன் நிற்கின்றான்.