காற்றொழிந்த குழல்

கிந்தாப் பள்ளத்தாக்கு என்றால் வெள்ளீயமே நினைவுக்கு வரும். ஈப்போவுக்குத் தென்கிழக்கே கிராமாட் பூலாயில் 1930களில் அகழப்பட்ட சீலைட்டுத் தாதுவைப் பலர் அறியார். வேதியியலில் அது கால்சியம் டங்ஸ்டேட்டு. ஊடுகதிர் பட்டால் நீலமாய் ஒளிரும் அவ்வுப்பைத்தான் 1896இல் எடிசன் தம் ஒளிர்திரைக்குத் தேர்ந்தார். அதே தாதுவிலிருந்து பிரியும் டங்ஸ்டன், ஊடுகதிர்க் குழலின் இழையாகவும் இலக்காகவும் பயன்படுகிறது. கதிரை எழுப்பும் மாழையும் கதிரைக் காட்டும் உப்பும் ஒரு தாதுவின் இரு வடிவங்கள்.

ஊடுகதிரைக் கண்டறிந்த இரோன்ட்கன் 1895இல் கையாண்ட குழலில் சிறிது வளி எஞ்சியிருந்தது. அதுவின்றி அக்குழல் இயங்காது. இயங்க இயங்க அவ்வளி சுவரில் ஒட்டிக் குறையும்; கதிரின் தன்மை மாறிவிடும். 1913இல் கூலிட்ஜ், சூடேறிய டங்ஸ்டன் இழையிலிருந்து எதிர்மின்னிகளைப் பெற்று, வளியின் துணையே வேண்டாத குழலைச் செய்தார். அன்று தொட்டு வெற்றிடமே குழல் செய்யும் தொழிலின் முழுக் கவலையாயிற்று.

எக்கியால் உறிஞ்சினால் காற்று போய்விடாதா எனலாம். குழலுக்குள் உலவும் காற்று போகும். கண்ணாடிச் சுவரிலும் மாழையின் உள்ளேயும் பதுங்கிய நீராவியும் வளியும் போகா. பால்மரத் தோட்டத்தார் இதை எளிதில் உணர்வர்: ரப்பர்த் தகட்டின் மேற்புறம் காய்ந்தாலும் உள்ளீரம் வெளியேறப் புகையறையில் பல நாள் கிடக்க வேண்டும். குழலையும் எக்கியோடு இணைத்தபடியே உலையிலிட்டு, ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் மணிக்கணக்கில் சுடுவர். பின்னர் எதிர்மின்னிகளைப் பாய்ச்சி, இலக்காகிய நேர்மின்வாயைத் தழல்போல் ஒளிரச் செய்து, அதன் உள்வளியையும் துரத்துவர். எஞ்சும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைவு.

மூடும் கணம் நுட்பமானது. எக்கிக்குச் செல்லும் ஒடுங்கிய கண்ணாடிக் கழுத்தில் சுடரைக் காட்டினால், இளகிய சுவரை வெளிக்காற்றே உள்நோக்கி அழுத்திப் பொருத்திவிடும். ஆனால் சுடப்படும் அக்கண்ணாடியே சிறிது வளியை உமிழும்! ஆகவே மெல்லச் சுடுவர். கம்பி நுழையும் இடத்தில் இரும்பு, நிக்கல், கோபால்ட்டு கலந்த கோவார் பயன்படும். கண்ணாடி விரியும் அளவே அதுவும் விரிவதால் விரிசல் எழாது.

இலக்கில் மோதும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே கதிராகும், மற்றதெல்லாம் வெப்பம். அதனைப் பரப்பவே சுழலும் நேர்மின்வாய் வந்தது. 1929இல் பிலிப்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. வெற்றிடம் கெடுமாதலால், சுழற்றும் தண்டை நுழைக்கக் குழலில் துளையிட முடியாது. எனவே வெளியிலுள்ள சுருளின் காந்தப்புலமே சுழற்றுகிறது. எண்ணெய் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்குமாதலால், தாங்கியின் குண்டுகளுக்கு வெள்ளியையோ காரீயத்தையோ மெல்லப் பூசுவர்.

மருத்துவமனைக்கு வந்த பின்னும் பேணல் ஓய்வதில்லை. காலையில் நோயாளியை அழைக்குமுன் கதிர்ப்படப் பணியாளர் சிற்றளவுக் கதிரைச் சில முறை பாய்ச்சுவார். குளிர்ந்த இலக்கில் முழு ஆற்றலையும் திடீரென இறக்கினால் அது பிளந்துவிடும்.