கார் ஷெட்டில் கரி அடுப்பா?

மெட்ராஸ்ல ஏது குளிர் என்று சிரிக்காதீங்க தோழிகளே. மார்கழி ராத்திரி 20 டிகிரி வரும். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பழைய வீட்டு கார் ஷெட்டில் குடியிருப்பவர்களைக் கேளுங்க. எங்க சித்தி வீடு அப்படித்தான். கீழே சிமெண்ட் தரை, முன்னால் இரும்பு ஷட்டர். இரண்டுமே ஜில்லென்று உடம்புச் சூட்டை இழுக்கும். ஆயாவுக்கு வீசிங் வேற.

குமுட்டி அடுப்பு வைக்கலாம் என்றார்கள். செலவு கம்மிதான். ஆனால் கொசுவுக்குப் பயந்து ஷட்டரை மூடிவிட்டால் அதுவே எமன்! காற்றுப் பத்தாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம் வரும். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு பேர் இறந்தே போனார்கள். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு இருக்கும்வரை இந்த வாயு வரும். ஷெட்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து விட்டாலும் இதே ஆபத்துதான்.

கரண்ட் ஹீட்டரில் இந்த வாயு வராது. ஆனால் 1000 வாட் ஹீட்டர் மணிக்கு 1 யூனிட் தின்னும். ராத்திரி 8 மணி நேரம், மாசம் 240 யூனிட். சித்தப்பா கணக்குப் போட்டதும் வேணாம்னுட்டார்! ஸ்கூட்டரும் உள்ளேதான் நிற்கும், பெட்ரோல் பக்கத்தில் சிவக்கும் கம்பி எதற்கு?

அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, மேலே பாயும் ஜமுக்காளமும் விரியுங்கள். அட்டைக்குள் இருக்கும் காற்று சூட்டை லேசில் கடத்தாது. ஷட்டர் அடி இடுக்கில் சாக்கைச் சுருட்டி வையுங்கள், மேல் ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். வயசானவர்களுக்கு வெந்நீர்ப் பை கொடுக்கலாம், துணி சுற்றித்தான்.