மின்சாரக் காரின் பிரேக் கரகரக்கிறதா? பேட் வாங்குமுன் பாருங்கள்

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்டதன் பின்னர் எமது வர்த்தகர்களிடையே மின்சாரக் கார் பற்றிய பேச்சு மீண்டும் சூடுபிடித்துள்ளது. புதிய சீனக் கார்களை வாங்குவோர் ஒருபுறமிருக்க, 2015ஆம் ஆண்டளவில் ஜப்பானிலிருந்து பெருமளவில் வந்திறங்கிய நிஸான் லீஃப் கார்களும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பெற்றோல் செலவில்லை, என்ஜின் ஒயில் மாற்றும் வேலையில்லை என்று நம்பி வாங்கியவர், பிரேக்கை மிதித்தால் கரகரவென்று சத்தம் வருகிறதே என்று கராஜுக்குப் போகிறார். பேட்டும் முடிந்துவிட்டது, டிஸ்க்கும் முடிந்துவிட்டது, நான்கு சில்லுக்கும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பல சந்தர்ப்பங்களில் இந்தத் தீர்ப்பு பிழையானது. பெற்றோல் காரின் பிரேக் பாவித்துத் தேய்ந்து கெடுகிறது. மின்சாரக் காரின் பிரேக்கோ பாவிக்காமலேயே கெடுகிறது.

காரணம் இதுதான். மின்சாரக் காரில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அல்லது பிரேக்கை மெதுவாக மிதித்ததும், காரை ஓட்டிய அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கிறது. அதில் உண்டாகும் மின்சாரம் பட்டரிக்குத் திரும்புகிறது. பேட் டிஸ்க்கைப் பிடிப்பது பெரும்பாலும் கார் நிற்கப்போகும் கடைசிச் சில யார் தூரத்திலும், திடீரென மிதிக்கும்போதும்தான். ஆகவே பேட் ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியும் உழைக்கக் கூடும். ஆனால் டிஸ்க் வார்ப்பிரும்பு. உரசாத இரும்பில் துரு ஏறும். பேருவளை, காலி, காத்தான்குடி, புத்தளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அந்த வேலையை இரட்டிப்பு வேகத்தில் செய்துவிடும். வொக்ஸ்வாகன் நிறுவனம் தனது ஐடி.4 மின்சாரக் காரின் பின்சில்லுகளுக்கு டிஸ்க்கை விட்டு, மூடிய பழைய டிரம் பிரேக்கையே பொருத்தியதற்கு இந்தத் துருவும் ஒரு காரணமாகும்.

சத்தம் மட்டும்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். நுவரெலியாவில் இரவு தங்கி, பட்டரியை முழுமையாக நிரப்பிக்கொண்டு, காலையில் இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இறக்கம் ஏறத்தாழ 1,400 மீற்றர். காரும் நால்வரும் சேர்ந்து 1,800 கிலோகிராம் என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி சுமார் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆரம்பகால லீஃபின் 24 யூனிட் பட்டரியில் இது கால் பங்குக்கும் மேல். காற்றும் டயரும் ஒரு பகுதியை விழுங்கினாலும் மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நிறைந்த பட்டரி வாங்கிக்கொள்ளாது. மோட்டாரின் பிடி தளர்ந்து, மாதக்கணக்கில் துருவேறிக் கிடந்த பேட்டும் டிஸ்க்கும் அந்தப் பாரம் முழுவதையும் தாங்க நேரிடும். மலைநாட்டில் சரக்கு கொண்டுபோகும் வர்த்தகர்கள் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மேலே இருக்கும்போது 80 வீதத்துடன் சார்ஜை நிறுத்திக்கொள்வது நல்லது.

இனிச் சத்தத்தைப் பிரித்தறிவோம். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நாலைந்து மிதிப்புகளுக்குக் கரகரத்துப் பின்னர் மறைந்தால் அது மேல்துரு மட்டுமே, செலவு தேவையில்லை. பிரேக்கை மிதிக்காதபோதும் ஒரே சில்லில் தொடர்ந்து உரசினால் கலிப்பர் இறுகியிருக்கலாம், அல்லது டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையில் சிறுகல் சிக்கியிருக்கலாம். ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட வேண்டாம்). ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் கோளாறு அங்கேதான். வளைவில் திரும்பும்போது ஓசை கூடிக் குறைந்தால் பிரேக்கை விட்டுவிட்டு பெயாரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கீச்சென்ற மெல்லிய சத்தம் பேட் முடியப்போவதன் அறிவிப்பு. இரும்போடு இரும்பு அராவும் சத்தமென்றால் பேட் முடிந்தே விட்டது, காரை ஓட்டக் கூடாது.

இன்னுமொரு சோதனையும் உண்டு. லீஃப் உட்படப் பல கார்களில் நியூட்ரலுக்கு மாற்றினால் மோட்டார் பிடிக்காது. ஆள்நடமாட்டமில்லாத சமதரை வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் நியூட்ரலில் போட்டு பிரேக்கை மிதித்தால், உண்மையான பிரேக்கின் நிலை அப்படியே வெளிவரும். பின்னால் வாகனம் வராததை உறுதிசெய்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். மேல்துருதான் என்றால் இப்படிப் பத்துத் தடவை மிதித்தாலே டிஸ்க் பளிச்சென்று வந்துவிடும். அதன் பிறகு வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் சில்லைக் கழற்ற வேண்டியதுதான். வெளிப்புறப் பேட் தடிப்பாக இருப்பதைக் கண்டு திருப்தியடைய வேண்டாம். கலிப்பரின் பின்கள் இறுகிவிட்டால் உட்புறப் பேட் மட்டும் இரும்புவரை தேய்ந்திருக்கும். பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கப்படும் சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் இறப்பரை ஊதச் செய்து, சில மாதங்களில் மீண்டும் இறுக்கிவிடும். பேட் உட்காரும் இடத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டினாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். இது கைக்கூலியோடு முடியும் வேலை. டிஸ்க்கில் குழி விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம். ஆனால் ஆகக்குறைந்த தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பேட் தேயவில்லை என்பதற்காக அதை மறந்துவிடாமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

கராஜ்காரர் மின்சாரக் காருக்குப் பழக்கமானவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டரி காரின் அடித்தளத்தில் இருப்பதால், உரிய இடத்திலன்றி வேறெங்கும் ஜெக் வைத்தால் பட்டரிப் பெட்டியே நசுங்கிவிடும். புதிய கார்களில் ஹேண்ட் பிரேக்கும் மின்மோட்டாரில் இயங்குகிறது. ஸ்கேனரால் அதனை விடுவிக்காமல் பின்பக்கப் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அமுக்கினால் மோட்டார் உடைந்துவிடும்.

கார் விற்பனையில் ஈடுபட்டுள்ளோருக்கும் ஒரு வார்த்தை. கப்பலிலும் துறைமுகத்திலும் பின்னர் விற்பனைத் தரிப்பிடத்திலும் மாதக்கணக்கில் நின்ற கார் முதல் ஓட்டத்திலேயே கரகரக்கும். அந்தச் சத்தத்தைக் காட்டியே வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். வாடிக்கையாளர் வருமுன் காரை அரைமணி நேரம் ஓட்டி, நியூட்ரலில் சில தடவை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். வாங்குவோராக இருந்தால், சில்லின் இடைவெளியால் டோர்ச் அடித்து டிஸ்க்கைப் பாருங்கள். விளிம்பில் மாத்திரம் துரு இருந்தால் பயமில்லை, பேட் படும் நடுப்பகுதியில் வட்டமாகத் துருவும் குழியும் தெரிந்தால் இரண்டு டிஸ்க்கின் விலையைக் கழித்துக்கொண்டு பேசலாம்.