சாரலில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள்



ஆனி, ஆடி மாதங்களில் நீங்கள் தென்காசிக்குப் போயிருக்கிறீர்களா? வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; அதே நேரத்தில் சாரலும் விழுந்துகொண்டிருக்கும். மேற்கே மலைமுகட்டை மேகம் மூடியிருக்கும். அங்கிருந்து குற்றாலம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். அந்தச் சாலையோரத்தில் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். எத்தனையோ வண்டிகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் தனிக் குரலில் 'ட்ரிங்ங்...' என்று கணீரென ஒலித்துக்கொண்டு, மெல்லிய நீலப் புகையை விட்டுச் செல்லும். பக்கத்தில் டீக்கடையில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமலேயே, "ஆர்.எக்ஸ். போகுது" என்பார்.

அவர் சொல்வது யமஹா ஆர்.எக்ஸ். 100. ஜப்பான் நாட்டு யமஹா நிறுவனத்தின் கூட்டுறவோடு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-இல் இந்தியாவில் விற்கத் தொடங்கிய வண்டி இது. 1996-இல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகவே இன்று சாலையில் ஓடும் ஆர்.எக்ஸ். 100 ஒவ்வொன்றும் உங்களைவிட வயதில் மூத்தது. அவற்றுள் ஒன்று என்னிடமும் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு வண்டி அது. இவ்வளவு சிறிய இயந்திரம் எப்படி அவ்வளவு துடிப்பாக ஓடுகிறது? முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைச் சாரலிலும் மலையிலும் ஓட்டினால் அதற்குள் என்னென்ன நடக்கும்? இவற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் நகரும் தூரமும் 50 மில்லிமீட்டர்தான். வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 98 கன சென்டிமீட்டர் வரும். ஒரு சிறிய காபி டம்ளர் அளவு! இதிலிருந்து 11 குதிரைத்திறன் கிடைக்கிறது. வண்டியின் எடையோ 103 கிலோகிராம்தான்.

இதன் இரகசியம் 'இருவீச்சு' முறையில் இருக்கிறது. மெக்கானிக்குகள் டூ ஸ்ட்ரோக் என்பது இதைத்தான். பிஸ்டன் ஒரு முறை மேலே போவது ஒரு வீச்சு; கீழே வருவது இன்னொரு வீச்சு. இன்றைய வண்டிகளில் உள்ள நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளுக்கும் தனித்தனி வீச்சு உண்டு. எனவே அச்சு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். நிமிடத்துக்கு 7500 சுற்று என்றால் நொடிக்கு 125 முறை! அந்தக் கணீர் ஒலியின் பிறப்பிடம் இதுதான்.

அப்படியானால் திறனும் சரியாக இரு மடங்காக வேண்டுமல்லவா? ஆவதில்லை. புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. அந்த நேரத்தில் எரியாத புதுக் கலவையில் கணிசமான பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடுகிறது. இதைத் தடுப்பது எப்படி?

விடை கண்டவர் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்னும் நிறுவனத்தில் பணிபுரிந்த வால்டர் காடன் என்ற பொறியாளர். 1950-களில் அவர் புகைக்குழாயை ஓர் இசைக்கருவி போல எண்ணி ஆராய்ந்தார். குழாயில் ஓடுவது புகை மட்டுமல்ல, ஓர் அழுத்த அலையும் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து பழைய புகையை இழுக்கும். குழாய் குறுகும் இடத்தில் ஓர் அழுத்தும் அலை திரும்பி வந்து, தப்பி ஓடும் புதுக் கலவையை மீண்டும் உள்ளே தள்ளும். கிணற்றில் கத்தினால் எதிரொலி வருகிறதே, அதே தத்துவம்தான். 1961-இல் அவருடைய 125 கன சென்டிமீட்டர் பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுத் தப்பி, இந்த நுட்பத்தோடு ஜப்பானின் சுசுகி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி வண்டியில் 50 கன சென்டிமீட்டர் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். துப்பறியும் கதை போல இல்லையா?

சில இளைஞர்கள் சத்தம் கூட வேண்டும் என்பதற்காக ஆர்.எக்ஸ். வண்டியின் சைலன்ஸரைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். சத்தம் கூடுவது உண்மை. ஆனால் அலை திரும்பி வரும் கணக்குக் கெட்டுவிடுகிறது, கலவை வீணாகிறது, இழுவையும் குறைகிறது. மேடு ஏறும்போது அது தெரிந்துவிடும். நானும் இளம் வயதில் இதைச் செய்துவிட்டு, ஐந்தருவிச் சாலையில் பின்னால் இருவரை ஏற்றிச் சென்ற ஒரு பழைய ஸ்கூட்டரிடம் தோற்றேன். (மூவர் போவது தவறுதான், ஆனாலும் தோற்றது தோற்றதுதான்.)

மலையில் நடந்தது

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் செல்லும் மலைப்பாதை மிக அழகானது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் ரயில் பாலம் சாலையிலிருந்தே தெரியும். ஒரு முறை புனலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஆரியங்காவு வரை ஏற்றம். ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திருகியே வந்தேன். கோட்டைவாசலைக் கடந்ததும் புளியரை வளைவுகளில் இறக்கம். ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடி, வண்டியைக் கியரிலேயே விட்டு இறங்கினேன். இரண்டாவது வளைவில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுழலாமல் அப்படியே நின்று சாலையில் வழுக்கத் தொடங்கியது. எதிரே ஒரு மரலாரி. கை தானாகவே கிளட்ச்சைப் பிடித்தது, சக்கரம் விடுபட்டது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது என்ன? இருவீச்சு எஞ்சினில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போகிறது. ஆர்.எக்ஸ். வண்டியில் இதற்குத் தனித் தொட்டியும் ஒரு சிறு பம்பும் உண்டு. பம்பு எவ்வளவு எண்ணெய் தர வேண்டும் என்பதை எஞ்சினின் வேகமும் ஆக்ஸிலேட்டர் கம்பியும் சேர்ந்து முடிவு செய்யும். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டால் எண்ணெய் மிகக் குறைந்துவிடும். ஆனால் இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதாவது, வேலை நிறைய, எண்ணெய் கொஞ்சம்.

வெப்பமும் சேர்ந்துகொண்டது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது ஓடும் உருளையின் உட்சுவர் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. எண்ணெய்ப் படலமும் இல்லை, இடைவெளியும் இல்லை என்றால் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் 'சீஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள். சுவீடன் நாட்டு சாப் நிறுவனம் தன் இருவீச்சுக் கார்களில், இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றாதபடி ஓர் அமைப்பை வைத்திருந்தது. இந்த ஆபத்துக்கு அஞ்சித்தான். நம் வண்டியில் அது கிடையாது. இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறை திருகிவிட வேண்டும்.

அன்று வண்டியை மினிலாரியில் ஏற்றித் தென்காசி கொண்டு வந்தேன். ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி முதலில் எண்ணெய்த் தொட்டியைத் திறந்தார். "எண்ணெய பாத்து எத்தன நாளாச்சு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். தொட்டியில் அடிமட்டத்தில்தான் எண்ணெய் இருந்தது. தவறு என்னுடையதே.

உருளையைக் கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டார். 'போர் போடுவது' என்பது இதுதான். இதைச் சில முறைகளுக்கு மேல் செய்ய முடியாது; ஒவ்வொரு முறையும் சுவர் மெலிகிறதல்லவா?

சீஸ் ஆகாவிட்டாலும் தேய்மானம் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். பிஸ்டன் ஒரு சுற்றில் மேலே 5, கீழே 5, ஆக 10 சென்டிமீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 5000 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 30 கிலோமீட்டர். வண்டி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 50,000 கிலோமீட்டர் ஓட 1250 மணி நேரம் ஆகும். அதற்குள் பிஸ்டன் ஓடிய தூரம் 37,500 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்தான். ஐந்து சென்டிமீட்டர் கூண்டுக்குள்ளேயே உலகைச் சுற்றி வருகிறது!

காற்றும் ஈரமும்

தென்காசிக் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்குக் காற்றின் வலிமை தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. செங்கோட்டைக் கணவாயில் வழி கிடைப்பதால் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிடுகிறதே, அதுபோல. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள வண்டியையும் ஆளையும் பக்கவாட்டில் சுமார் 12 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். வண்டியும் 60 கிலோ ஆளும் சேர்ந்து 163 கிலோ என்றால், விழாமலிருக்க ஏறக்குறைய 4 பாகை காற்றின் பக்கம் சாய வேண்டும். மொத்தம் 250 கிலோ உள்ள கனத்த வண்டிக்கு 3 பாகைகூட வேண்டாம். சாய்வது கடினமல்ல. ஒரு வீட்டையோ பேருந்தையோ கடக்கும்போது காற்று சட்டென நின்று மறுபடி அடிக்கும் பாருங்கள், அப்போதுதான் இலேசான வண்டி அலைக்கழியும்.

ஈரம் இன்னும் பொல்லாதது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 16.7 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்கே ஒரு நொடி, 17 மீட்டர் போய்விடும். உராய்வுக் குணகம் உலர்ந்த சாலையில் 0.7 என்றால் நிற்க மேலும் 20 மீட்டர்; ஈரச் சாலையில் 0.4 என்றால் மேலும் 35 மீட்டர். நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறல் பெருமழையைவிட மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து பசை போல் பரவும். அடித்துச் செல்ல நீர் போதாது. பழைய குற்றாலம் போன்ற இடங்களில் மரநிழல் சாலையின் ஓரத்துப் பாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியின் பிரேக்குகள் இரண்டும் டிரம் வகை. சாலையில் தேங்கிய நீரைக் கடந்தால் டிரம்முக்குள் நீர் புகும்; பிறகு பிரேக்கைப் பிடித்தால் முதலில் ஒன்றுமே நடவாது. நீரைக் கடந்தவுடன் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே சிறிது தூரம் போனால், உராய்வு வெப்பமே நீரை உலர்த்திவிடும். கியர் வண்டியை ஓட்ட உங்களுக்கு 18 வயதாக வேண்டும். அதுவரை இதை உங்கள் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். தலைக்கவசத்தையும் சேர்த்துத்தான்.

அண்மைக் காலத்தில் வந்த புதுச் சிக்கல் ஒன்று உண்டு. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. சாரல் பருவத்தில் வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியின் கார்புரேட்டரில் நீர் சேர்ந்து துருவும் அடைப்பும் ஏற்படும். பழைய ரப்பர் குழாய்கள் உப்பி வெடிக்கும். மேலும் எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. முன்போலவே காற்றைக் கலக்கும். எனவே எரிபொருள் குறைந்த கலவை எரிந்து எஞ்சின் அதிகம் சூடாகும். சூடானால் என்னவாகும் என்று முன்பே பார்த்தோம். அண்ணாச்சி எனக்குச் சற்றுப் பெரிய ஜெட் மாட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் நிறுத்தும்முன் கார்புரேட்டரை வடித்துவிடுகிறேன்.

இவ்வளவு புகழ்ந்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. தப்பி ஓடும் எரியாத பெட்ரோலும் எரிந்த எண்ணெயும் கலந்த அந்த நீலப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். 1996-இலும் 2000-இலும் புகைக் கட்டுப்பாடுகள் கடுமையானபோது இத்தகைய வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்ததற்கு இதுவே பெரிய காரணம். அருவிக் காற்றைச் சுவாசிக்க வருகிறவர் முகத்தில் புகைவிட்டுப் போவது எனக்கும் உறுத்துகிறது. அதனால் சீசன் நாட்களில் குற்றாலத்துக்குப் பேருந்தில்தான் போகிறேன். பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 'போதுமா?' என்று நினைப்பேன். இதுவரை புதுப்பித்தே வந்திருக்கிறேன்.

நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: இத்தகைய வண்டிகளின் சங்கிலியில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 'செயின் நீண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் இரும்பு நீள்வதில்லை, முளைகள் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 20 கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். 254 மில்லிமீட்டர் என்றால் புதுச் சங்கிலி. 259-ஐத் தொட்டுவிட்டால் அதை மாற்றச் சொல்லுங்கள்.