தாம்பரத்தில் ஆலங்கட்டி விழுமா?

ஊட்டியில் கோடை மழையோடு ஆலங்கட்டியும் விழுவதுண்டு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் ஏப்ரல், மே மாதங்களில் விழும். தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூரில் மட்டும் ஏன் அது அபூர்வம்? இங்கே இடி இடிக்கவில்லையா, மின்னல் வெட்டவில்லையா?

எல்லாம் உண்டு. நம் தலைக்கு மேலேயும் ஆலங்கட்டி உருவாகும். அது தரைக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு!

கோடையில் தரை கொதிக்கும்போது, சூடான ஈரக்காற்று வேகமாக மேலே எழும்பி இடிமேகமாகிறது. மேகத்தின் மேல்பகுதியில், 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் மிதக்கின்றன. பனித்துணுக்கு ஒன்றில் பட்டதும் அவை உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. கட்டி பெருத்து, மேலெழும் காற்றால் தாங்க முடியாமல் போனதும் கீழே விழுகிறது. பெரிய ஆலங்கட்டியைக் குறுக்கே வெட்டினால் வெள்ளை வளையமும் தெளிந்த வளையமும் தெரியும். சட்டென்று உறைந்த பகுதியில் காற்றுக்குமிழிகள் அகப்பட்டுக்கொள்வதால் அது வெள்ளை. நிதானமாக உறைந்த பகுதி தெளிவு.

இப்போது ஒரு கணக்கு. கோடையில் நம் ஊருக்கு மேலே 0 டிகிரி இருப்பது சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில். 1 சென்டிமீட்டர் கட்டி விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் விழும். ஆக, எட்டு நிமிடத்துக்கு மேல் அது வெப்பக் காற்றுக்குள் பயணிக்க வேண்டும். அதற்குள் சிறிய கட்டிகள் கரைந்து மழைத்துளியாகிவிடும். ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே பயணம் பாதிதான்!

சரி, காலப்போக்கில் ஆலங்கட்டி மழை கூடுகிறதா, குறைகிறதா? சீனாவில் பல வானிலை நிலையங்களின் பதிவுகளைப் பார்த்தபோது, 1980களுக்குப் பிறகு ஆலங்கட்டி நாட்கள் குறைந்திருந்தன. பூமி சூடாவதால் 0 டிகிரி உயரம் இன்னும் மேலே போகும். சிறிய கட்டிகள் மேலும் கரையும். ஆனால் சூடான காற்றில் ஈரம் மிகுந்தால் மேகத்தின் பலமும் கூடும். தப்பி வரும் கட்டிகள் பெரிதாக இருக்கலாம். பெரிய கட்டி விளையாட்டல்ல. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தனர்.

நம் பகுதியில் ஆலங்கட்டி மழையை எண்ணுவது கடினம். ஆலங்கட்டி சில நிமிடமே, சிறிய இடத்திலேயே விழும். சேலையூரில் விழுந்தால் மீனம்பாக்கம் வானிலை நிலையத்துக்குத் தெரியாமலே போகலாம். இன்றோ எல்லார் கையிலும் கைபேசி. பத்துப் பேர் படம் எடுத்துப் போட்டால் செய்தி பெருகும்; அதனால் ஆலங்கட்டியும் பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், பல பத்தாண்டுகள் எடுத்த குறிப்புதான் உண்மையைச் சொல்லும்.

அந்தக் குறிப்பை நீங்களும் தொடங்கலாம். ஆலங்கட்டி விழுந்தால் உடனே வெளியே ஓடாதீர்கள். இடி மின்னல் ஓய்ந்ததும் ஒரு கட்டியை எடுத்து, அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுங்கள். தேதி, நேரம், தெருப்பெயர், எத்தனை நிமிடம் விழுந்தது என்பதை நோட்டில் எழுதுங்கள். விழாத ஆண்டையும் 'இல்லை' என்று எழுதுங்கள். அறிவியலுக்கு அதுவும் தேவை.