ஈசல் கொண்டுவரும் கட்டுச்சோறு

மழை பெய்த மறுநாள் காலையில் வாசலில் றெக்கை றெக்கையாகக் கிடக்கும். ஈசலுக்கு ஒருநாள்தான் ஆயுசு, வந்தது, செத்தது என்று பெருக்கித் தள்ளிவிடுகிறோம். டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஆறுவதற்குள் அந்த ஆயுசுக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஈசல் தனிப் பூச்சி இல்லை. கரையான் புற்றில் றெக்கை முளைத்து வளர்ந்த ஆணும் பெண்ணும்தான். உள்ளே இருந்தவரை வேலைக்காரக் கரையான்கள் ஊட்டி வளர்த்தன. அந்த ஊட்டமெல்லாம் கொழுப்பாக வயிற்றில் சேர்ந்திருக்கிறது. வெளியே வந்தபின் இரை தேடப் போவதில்லை. கையோடு கொண்டுவந்த இந்தக் கட்டுச்சோறுதான் இனி எல்லாவற்றுக்கும். அது ஏன் கொழுப்பு? ஒரு கிராம் மாவுச்சத்தில் சுமார் 4 கிலோகலோரி என்றால் கொழுப்பில் 9. பறக்கிற உடம்புக்குச் சுமை குறைந்த சரக்குதான் தோது. (கிராமங்களில் ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்பவர்கள் ருசிப்பதும் இந்தக் கொழுப்பைத்தான்.)

பறப்பது பூச்சிக்கு மகா செலவான வேலை. சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பல பத்து மடங்கு சக்தி கரையும். அதனால் ஈசல் நெடுந்தூரம் போவதில்லை. வேறு புற்றிலிருந்து வந்த துணை கிடைக்கும் அளவுக்குத் தள்ளிப் போனால் போதும். ஒரு வட்டாரத்துப் புற்றுகள் பலவும் ஒரே மாலையில் திறப்பது அதற்காகத்தான். காகம், மைனா, பல்லி, தவளை எல்லாம் வயிறு முட்டத் தின்றாலும் சில மிஞ்சும் என்பது கூடுதல் லாபம்.

இணைசேர்வது வானத்தில்தானே என்று கேட்பீர்கள். இல்லை. தரையில் இறங்கியதும் ஈசல் தன் றெக்கையைத் தானே உதிர்த்துவிடுகிறது. அடியில் அதற்கென்றே ஒடியும் கோடு உண்டு. ஆக, வாசலில் கிடப்பது பிணக்குவியல் அல்ல, கழற்றிப் போட்ட உடுப்பு. பெண் வயிற்றைத் தூக்கி வாசனை விடும். ஆண் அதன் பின்னாலேயே ஒட்டி நடக்கும். ஈரமண்ணில் இருவரும் குழி தோண்டி, அதன் வாயை அடைத்துக்கொண்டு, அதன்பிறகே கூடுகிறார்கள்.

எனக்குப் பெரிய வியப்பு இனிமேல் நடப்பதுதான். பறக்க உதவிய தசைகளுக்கு இனி வேலை இல்லை. உடம்பே அவற்றைக் கரைத்து உணவாக்கிக்கொள்கிறது. மிஞ்சிய கொழுப்பும் இந்தத் தசையும்தான் முட்டையாகின்றன, முதல் குஞ்சுகளுக்கு ஊட்டும் எச்சிலாகின்றன. முதல் வேலைக்காரர்கள் வளர்ந்து வெளியே இரை தேடும்வரை அடுப்பு எரிவது இதில்தான். இந்தப் பெண்தான் இனி ராணி, ஆண்தான் ராஜா. நம் பக்கத்துப் புற்றுக் கரையான் ராணி பிழைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் வாழும். ஆண்தேனீ கூடியதும் செத்துப்போகும். கரையான் ராஜாவோ ராணியோடேயே குடியிருந்து திரும்பத் திரும்பக் கூடும்.

நிஜமான ஒருநாள் பூச்சியும் உண்டு. ஹங்கேரியில் திசா ஆற்றின் களிமண் கரையில் மூன்று ஆண்டுகள் புழுவாகக் கிடந்து, ஜூன் மாதத்தில் ஒரு மாலை கூட்டமாக எழும் மேஃப்ளை அது. வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்யும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துப் பறந்து, கூடி, முட்டையிட்டு, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஈசலுக்குப் பறப்பு தொடக்கம். மேஃப்ளைக்கு அதுதான் முடிவு.

ஈசலை உண்மையில் ஒருநாள் பூச்சியாக்குவதில் பல்லிக்கு இருக்கும் பங்கு நம் விளக்குக்கும் உண்டு. ஈரமண்ணுக்குப் போக வேண்டியது வெளிச்சத்தைத் தேடி வந்து சிமெண்டுத் தரையில் சுற்றிச் சுற்றிக் கொழுப்பைத் தீர்க்கிறது. அடுத்த மழை மாலையில் ஈசல் கிளம்பினால், வெளி விளக்கை அரைமணி நேரம் அணைத்து வையுங்கள்.