பாராசூட்டில் சேரும் மண்ணும் உப்பும்

ஸ்கைடைவிங் பாராசூட்டில் அழுக்கு ஏறுவது பெரும்பாலும் தரையிறங்கும் அந்தச் சில நொடிகளில்தான். குதித்தவர் கால் ஊன்றியதும், மேலே விரிந்திருந்த துணி காற்றை இழந்து மண்ணிலோ புல்லிலோ சரிகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஈலாய் போன்ற பாலைவன ஊர்களில் பொடிபோன்ற தூசி ஒட்டும். மழை அதிகம் பெய்யும் இடங்களில் சேறு, கடலோரத் தளங்களில் மணலும் உப்பும். அடுத்த குதிப்புக்காகத் துணியை மடிக்கும்போது இவையும் உள்ளே சேர்ந்து மடிந்துவிடுகின்றன.

அழுக்கு என்றதும் துவைக்கத் தோன்றுவது இயல்பு. பாராசூட் விஷயத்தில் பெரும்பாலும் அதுதான் தவறான முடிவு. குதிப்பவர் வழக்கமாக விரிக்கும் இன்றைய மெயின் பாராசூட்டுகளில் பெரும்பாலானவை சிலிகான் பூச்சு கொண்ட, காற்று ஊடுருவாத நைலான் துணியில் தைக்கப்படுகின்றன. சோப்பும் தேய்ப்பும் அந்தப் பூச்சைக் கரைக்கும். பூச்சில்லாத துணியிலும் அலசி அலசி நெசவு தளர்ந்து, இழைகளின் நடுவே காற்று கசியத் தொடங்கும். காற்றைப் பிடித்து வைக்காத பாராசூட் சரியாகப் பறக்காது. இறங்கும் வேகமும் கூடும். வாஷிங் மெஷினில் போடுவது பற்றிப் பேச்சே இல்லை. புல்லின் பச்சைக் கறையும் செம்மண் கறையும் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் துணியின் வலுவைக் குறைப்பதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

ஈரச் சேறு ஒட்டியிருந்தால் முதலில் நிழலில் உலரவிட வேண்டும். வெயிலில் போட்டால் புற ஊதாக் கதிர்கள் நைலானை நலிவுறச் செய்யும். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இன்னும் ஆபத்து. உலர்ந்தபின் மென்மையான பிரஷ்ஷால் தட்டி உதிர்க்கலாம். மணல் கொஞ்சம் தந்திரமானது. சதுர வடிவப் பாராசூட் வரிசையான அறைகளாகத் தைக்கப்பட்டது. அறைகளின் முன்வாய் திறந்திருக்கும், பின்பக்கம் மூடியிருக்கும். வாய் வழியாகப் புகுந்த மணல் பின் ஓரத் தையலில் போய்த் தங்கிவிடும். இரண்டு பேர் பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வாய் கீழே பார்க்கும்படி உதறினால்தான் அது கொட்டும். உதறாமல் விட்டால், மடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மணல் துணியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எண்ணெய்க் கறை போன்ற பிடிவாதமான இடங்களில் மட்டும், மென்மையான சோப்பு கலந்த குளிர்ந்த நீரைத் துணியில் தொட்டு ஒற்றி எடுக்கலாம். பிளீச்சிங் பக்கமே போகக் கூடாது.

துவைக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரே பெரிய விலக்கு கடல்நீர். உப்புநீர் காய்ந்தால் இழைகளுக்குள் படிகங்கள் உருவாகும். கூர்மையான அந்தத் துகள்கள் துணியையும் கயிறுகளையும் உள்ளிருந்து அறுக்கும். உலோகப் பாகங்களில் துரு பிடிக்கும். எனவே காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரில் பலமுறை மாற்றி மாற்றி அலச வேண்டும். பிழியக் கூடாது. நிழலில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும்.

அமிலம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. கார் பேட்டரி இருந்த டிக்கியில் பாராசூட் பையை வைப்பது அதனால்தான் விலக்கப்படுகிறது. 1980களின் பிற்பகுதியில், அமெரிக்காவில், மெயின் கைவிட்டால் உதவும் சில வட்டவடிவ ரிசர்வ் பாராசூட்டுகளில் தைக்கப்பட்டிருந்த வலைத்துணியிலிருந்த அமிலம் பக்கத்துத் துணியின் வலுவைக் குறைத்தது தெரியவந்தது. பார்வைக்குத் துணி புதிதுபோலவே இருந்தது. புரோமோகிரெசால் கிரீன் என்ற சாயக் கரைசலைத் தொட்டுவைத்து, நீலம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்த்தும், துணியை இழுத்துச் சோதித்தும்தான் பழுதானவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உயிருக்கு நேரடியாக உலைவைக்கும் அழுக்கு தோள்பட்டையருகே சேர்கிறது. மெயின் பாராசூட் சிக்கலாகத் திறந்தால், அதைக் கழற்றிவிட்டு ரிசர்வைத் திறக்க வேண்டும். அதற்கான மூன்று வளைய அமைப்பை பில் பூத் 1970களில் உருவாக்கினார். பெரிய வளையத்தில் விழும் பாரம் அடுத்தடுத்த வளையங்களில் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு சிறு நூல்கண்ணியில் மிகச் சிறிய பங்கே விழுகிறது. அந்தக் கண்ணியைப் பூட்டி நிறுத்துவது பிளாஸ்டிக் உறை போட்ட மஞ்சள் கம்பி. மார்பின் வலப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் கம்பி உருவிவர, வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு விடுபடும். கம்பியில் தூசியும் பிசுக்கும் படிந்தால் இழுக்கத் தேவையான பலம் கூடும். மெயின் திறக்கவே இல்லையென்றால் குதித்தவர் மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் விழுந்துகொண்டிருப்பார், 1,000 அடி கடக்க 6 நொடிகூட ஆகாது. அந்த வேளையில் கைக்கு வராத கம்பி எதற்கும் உதவாது. ஆகவே மாதம் ஒருமுறை கம்பியை வெளியே எடுத்துத் துடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயை மெல்லிதாகப் பூசி, மிகுதியை ஒற்றியெடுக்க வேண்டும். கம்பி ஓடும் உலோகக் குழாயையும் சுத்தம் செய்ய வேண்டும். வளையத்தைச் சுற்றிய பட்டை ஒரே மடிப்பில் விறைத்துப்போகாமல் கையால் முறுக்கித் தளர்த்துவதும் இந்த வேலையில் அடங்கும்.

கயிறுகளில் தங்கிய மணலை முழுதும் எடுக்க முடியாது. கயிறுகளின் வழியே கீழிறங்கும் ஸ்லைடர் துணியின் உலோகக் கண்கள் அவற்றைத் தேய்க்கும். அந்த உராய்வுச் சூட்டில் ஸ்பெக்ட்ரா வகைக் கயிறுகள் சுருங்கவும் செய்யும். நூறு நூறாகக் குதிப்புகள் சேர்ந்தபின் கயிறுகளை மாற்றுவதே வழி. ஸ்டியரிங் கைப்பிடியைப் பிடித்துவைக்கும் வெல்க்ரோவில் நூலும் முள்ளும் அடைத்தால் பிடிப்பு போய்விடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷே அதற்குப் போதும்.

தண்ணீரில் விழுந்த பாராசூட்டில், ஆபத்து நேரத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவியையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஹெல்முட் கிளாத் 1991-இல் கொண்டுவந்த சைப்ரஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. காற்றழுத்தத்தை அளந்து வேலை செய்வதால், அதன் பிற்கால வடிவமான சைப்ரஸ் 2 நனைந்தால், வடிகட்டியை மாற்றிய பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

ரிசர்வ் பாராசூட்டைக் குதிப்பவர் தாமே திறந்து சுத்தம் செய்வதில்லை. அமெரிக்காவில், பாராசூட்டை மடித்துப் பராமரிக்க உரிமம் பெற்ற ரிக்கர்தான் 180 நாட்களுக்கு ஒருமுறை அதைப் பிரித்து, காற்றாடவிட்டு, துணியையும் தையலையும் பார்வையிட்டு, மீண்டும் மடித்துத் தம் முத்திரையிட்டு, தேதியையும் தம் கையெழுத்தையும் அட்டையில் பதிய வேண்டும்.